கியர்பாக்ஸை இறக்குவதா, வேண்டாமா? பழைய வண்டியின் கிளட்ச், கியர் கோளாறுக்கு எந்த வழி சரி

பழைய வண்டி வைத்திருப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப ஒரே கேள்வி வருகிறது. "கியர் சரியாக விழவில்லை. ஒரு மெக்கானிக் கிளட்ச் செட் மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் கியர்பாக்ஸைத் திறக்கணும் என்கிறார். மூன்றாமவர் வேறு கியர்பாக்ஸ் வாங்கிப் போட்டுவிடுங்கள் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"

என் அனுபவத்தையே முதலில் சொல்கிறேன். என் பழைய காரில் ரிவர்ஸ் போடும்போதெல்லாம் கரகரவென்று பல் உரசியது. வண்டியைப் பட்டறையில் விட்டேன். கியர்பாக்ஸை இறக்கி, இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்ததும் அந்தப் பிடியைத் தளர்த்தும் ரிலீஸ் பேரிங் என்று மூன்றையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அதே சத்தம். அன்று இரவு மகனை உட்கார வைத்து கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கிளட்ச் கேபிளைத் தாங்கும் தகடு, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் சுவரில் பற்றவைக்கப்பட்டிருந்தது. பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தகடு வெற்றிலை மாதிரி வளைந்து கொடுத்தது. வெல்டிங்கில் முடி அகலத்துக்கு ஒரு விரிசல். கால் கொடுத்த அழுத்தத்தில் பாதி அங்கேயே வீணாகிப் போயிருந்தது. அரை மணி நேர வெல்டிங் வேலைக்காக நல்ல கிளட்ச் செட் ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தோம்.

அதனால்தான் இந்தக் கட்டுரை. கிளட்சா கியர்பாக்ஸா என்று கேட்பதற்கு முன்னால், அதை இறக்க வேண்டுமா என்று கேட்டாக வேண்டும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

கோளாறு உள்ளேயா வெளியேயா. பெடல், கேபிள், ஹைட்ராலிக் சிலிண்டர்கள், கியர் லீவரிலிருந்து போகும் கம்பிகள், புஷ்கள் எல்லாம் வெளியே. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸின் பற்கள் எல்லாம் உள்ளே. வெளியே இருப்பதைத் தொடுவதும் உள்ளே இருப்பதைத் தொடுவதும் ஒரே அளவு வேலையே இல்லை.

இறக்கி ஏற்றும் கூலி. முன் சக்கரங்கள் இழுக்கும் வண்டியென்றால் டிரைவ் ஷாஃப்டுகளைக் கழற்ற வேண்டும், சில வண்டிகளில் இன்ஜினைத் தொங்கவிட்டு அடிச்சட்டத்தையே இறக்க வேண்டும். பின் சக்கரங்கள் தள்ளும் வண்டியில் புரொபெல்லர் ஷாஃப்டும் குறுக்குச் சட்டமும் கழலும். பல வண்டிகளில் பாகங்களின் விலையை இந்தக் கூலி எட்டிப் பிடித்துவிடும். ஆகவே ஒருமுறை இறக்கினால் மறுபடி இறக்காதபடி வேலையை முடிப்பதுதான் கணக்கு.

பாகம் கிடைக்குமா. கிளட்ச் செட் பெரும்பாலும் கிடைத்துவிடும். உற்பத்தி நின்றுபோன கியர்பாக்ஸின் உள் பாகங்கள் அப்படி இல்லை.

தள்ளிப்போட்டால் என்ன கெடும். சில கோளாறுகள் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். சில, தன்னோடு சேர்த்து இன்னும் நாலு பாகத்தைக் கெடுத்துவிடும்.

வண்டியை எவ்வளவு காலம் வைத்திருக்கப் போகிறீர்கள். அடுத்த வருடம் விற்கப் போகிற வண்டிக்கும் இன்னும் பத்து வருடம் ஓட்டப் போகிற வண்டிக்கும் ஒரே பதில் கிடையாது.

## முடிவுக்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு மணி நேரம் போதும்.

முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியை லேசாக முன்னும் பின்னும் அசைத்தபடி எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்த நிலையில் வழுக்கிக்கொண்டு விழுகிறது, ஓடும் இன்ஜினில் மட்டும் மறுக்கிறது என்றால் கிளட்ச் இன்ஜினிலிருந்து முழுதாக விடுபடவில்லை. அணைத்த நிலையிலும் கல் மாதிரி இருந்தால் லீவர், கம்பி, புஷ், இல்லையேல் கியர்பாக்ஸின் உள்ளே கியரைத் தள்ளிப் பொருத்தும் ஃபோர்க்.

அடுத்தது ரிவர்ஸ் சோதனை. பெரும்பாலான பழைய வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோனைசர், அதாவது கியர் விழும் முன் சுழலும் பாகங்களின் வேகத்தை ஒன்றாக்கும் வளையம், கிடையாது, அதனால் கிளட்ச் விடுபடுகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஐடிலில் கிளட்சை முழுக்க மிதித்து, பத்து வினாடி பொறுத்து, மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். கிளட்ச் நன்றாக இருந்தால் அதற்குள் கியர்பாக்ஸின் உள் தண்டு சுழல்வதை நிறுத்தியிருக்கும், சத்தமில்லாமல் விழும். பத்து வினாடிக்குப் பிறகும் பல் உரசினால் பிளேட்டை இன்ஜின் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இப்போது பெடலை இரண்டு மூன்று தடவை வேகமாக மிதித்துவிட்டு மறுபடி போடுங்கள். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டியில் இப்படிச் செய்ததும் சரியாக விழுந்தால், லைனில் காற்று இருக்கிறது, அல்லது பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் தளர்ந்துவிட்டது. எதையும் இறக்க வேண்டியதில்லை.

பிறகு வழுக்கல். காலியான நேர் சாலையில் டாப் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஏற்றத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நின்ற இடத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியர் போட்டுக் கிளட்சை விட்டால் இன்ஜின் உடனே அணைய வேண்டும் என்பதும் பழைய சோதனைதான். கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, வண்டிக்கு முன்னால் யாரும் நிற்காமல், ஒரே ஒரு தடவை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையே பிளேட்டைத் தின்றுவிடும்.

கடைசியாகச் சத்தம். நியூட்ரலில் கிளட்சை விட்டிருக்கும்போது முனகல், மிதித்ததும் மறைகிறது என்றால் கியர்பாக்ஸின் முன் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதிக்கும்போதுதான் கீச்சிடுகிறது என்றால் ரிலீஸ் பேரிங். பழைய கியர்பாக்ஸ் ஐடிலில் கொஞ்சம் கலகலக்கும். அது வருடக்கணக்கில் மாறாமல் இருந்தால் பயப்பட வேண்டாம்.

| அறிகுறி | பெரும்பாலும் எங்கே | முதலில் யோசிக்க வேண்டிய வழி |
|---|---|---|
| எல்லாக் கியரும் கடினம், ரிவர்ஸ் உரசுகிறது | கிளட்ச் விடுபடவில்லை | வெளிவேலை |
| பெடல் தொளதொளவென்று கீழே போகிறது | ஹைட்ராலிக் அல்லது கேபிள் | வெளிவேலை |
| இன்ஜின் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை | பிளேட் தேய்ந்தது, எண்ணெய் பட்டது, பெடலில் ஃப்ரீ பிளே (வெற்று ஓட்டம்) இல்லை | ஃப்ரீ பிளே பார்த்துவிட்டு கிளட்ச் செட் |
| கிளம்பும்போது உதறல் | பிளேட்டில் எண்ணெய், பிளேட் உரசும் ஃப்ளைவீல், இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் | மவுண்ட் பார்த்துவிட்டு கிளட்ச் செட் |
| ஒரே ஒரு கியர் மட்டும் உரசுகிறது | அந்தக் கியரின் சிங்க்ரோனைசர் | கியர்பாக்ஸ் வேலை |
| கியர் தானாக நியூட்ரலுக்குத் தெறிக்கிறது | கம்பி, மவுண்ட், ஃபோர்க், பல் | வெளியே பார்த்துவிட்டு கியர்பாக்ஸ் வேலை |

## வழி 1: வெளிவேலை

எந்தக் கோளாறானாலும் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

கேபிள் வண்டியில் ஃப்ரீ பிளே, அதாவது பெடல் கனக்கத் தொடங்கும் முன் இருக்கும் வெற்று ஓட்டம். பல வண்டிகளில் இது 15 முதல் 25 மி.மீ. வரை, உங்கள் வண்டிக்கான அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: பிளேட் தேயத் தேய இந்த வெற்று ஓட்டம் குறையும். கேபிள் நீண்டுபோனால் கூடும். வெற்று ஓட்டமே இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும், நல்ல பிளேட்டும் வழுக்கும். அதிகமாக இருந்தால் கிளட்ச் விடுபடாது, கியர் உரசும். ஒரு நட்டைத் திருகுவதில் இரண்டுமே தீர்ந்துபோக வாய்ப்புண்டு.

ஹைட்ராலிக் வண்டியில் கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் வாஷர் போயிற்று. பெடலுக்கு மேலே, மாஸ்டர் சிலிண்டர் கம்பி நுழையும் இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள், சில சமயம் கால்மிதியே நனைந்திருக்கும். கிளட்சும் பிரேக்கும் ஒரே டப்பாவிலிருந்து எண்ணெய் எடுக்கும் வண்டிகள் நிறைய. அப்படிப்பட்ட வண்டியில் கிளட்ச் கசிவைப் பிரேக் கசிவாகவே எடுத்துக்கொள்ளுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பழைய ரப்பர் ஹோஸ் மிதிக்கும்போது உப்புகிறதா என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாவது கியர் ஆயில். வடிகட்டும் போல்ட்டைத் தொடுவதற்கு முன் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆயிலை வடித்துவிட்ட பிறகு நிரப்பும் போல்ட் துருப்பிடித்து நகராவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். வடியும் ஆயிலை வெள்ளைத் துணியில் பிடியுங்கள். போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது சகஜம். பொன்னிறமாக மினுமினுத்தால் அது சிங்க்ரோனைசர் வளையத்தின் பித்தளை. நகம் அளவு இரும்புத் துண்டோ செதில்களோ வந்தால் பல் அல்லது பேரிங் உடைந்திருக்கிறது, வெளிவேலை இதற்கு மேல் உதவாது.

இந்த வழியின் மறைமுகச் செலவு சின்னதுதான், ஆனால் உண்டு. ஸ்லேவ் சிலிண்டரை மட்டும் மாற்றினால், அதே வயதுள்ள மாஸ்டர் சிலிண்டர் கொஞ்ச நாளில் ஒழுகத் தொடங்குவதைப் பல வண்டிகளில் பார்க்கலாம். தவறான எண்ணெய் ஊற்றுவது இதைவிட மோசம். டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் கேட்கும் லைனில் மினரல் ஆயில் ஊற்றினால் ரப்பர் எல்லாம் உப்பிப்போகும். ஜிஎல்-4 தரக் கியர் ஆயில் கேட்கும் கியர்பாக்ஸில், எண் பெரிது என்பதற்காக ஜிஎல்-5 ஊற்றக்கூடாது. அதில் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மங்கள் சில வகைகளில் பித்தளையை அரிக்கும், சிங்க்ரோனைசருக்கு வேண்டிய உராய்வும் குறைந்து கியர் உரசும்.

எப்போது இதுவே போதும்: எல்லாக் கியரிலும் ஒரே மாதிரி கோளாறு, பெடலின் கனம் திடீரென்று மாறியது, அல்லது காலையில் குளிரில் மட்டும் கடினமாக இருந்து சூடேறியதும் சரியாகிறது என்றால்.

## வழி 2: கிளட்ச் செட் மாற்றுவது

வழுக்கல் உறுதியாகி, ஃப்ரீ பிளேயும் சரியாக இருக்கிறதென்றால் இதைத் தவிர வேறு வழியில்லை. பிளேட்டை மட்டும் மாற்றலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். கூலி ஒன்றேதான், பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் அதே கிலோமீட்டர் ஓடியவை. பிளேட் தேய்ந்திருக்கிறதா என்பதில் சந்தேகம் வந்தால் ரிவெட் தலை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பல சர்வீஸ் புத்தகங்கள் 0.3 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றச் சொல்கின்றன.

பட்டறை சொல்லும் தொகையில் இல்லாதவைதான் இந்த வழியில் உண்மையான செலவு. ஃப்ளைவீலில் நீலத் திட்டுகள், மயிரிழை வெடிப்புகள் இருந்தால் லேத்தில் கொடுத்து முகத்தைச் சமன் செய்ய வேண்டும். படி வைத்த ஃப்ளைவீல் என்றால் அந்தப் படியின் உயரமும் மாறக்கூடாது. நடுவில் ஸ்ப்ரிங் வைத்து இரண்டு துண்டாகச் செய்த டூயல் மாஸ் ஃப்ளைவீல் என்றால் பெரும்பாலும் புதிதுதான், அது கிளட்ச் செட்டைவிட விலை கூடியதாக இருக்கும். அப்புறம் இன்ஜினின் பின் ஆயில் சீல், கியர்பாக்ஸின் முன் சீல், கியர்பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் உட்காரும் குமிழ். பழைய பிளேட்டில் எண்ணெய் பிசுபிசுத்தால் எந்த எண்ணெய் என்று முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலுக்குக் கந்தக நெடி இருக்கும், வேறு எதனோடும் குழப்ப முடியாது. சீலை மாற்றாமல் புதுப் பிளேட்டைப் போட்டால் அதுவும் நனையும். ஸ்லேவ் சிலிண்டர், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் உள்ளேயே இருக்கும் வகை என்றால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

வேலை நடக்கும்போது கூடவே நில்லுங்கள், முடிந்தால். பழைய கிளட்ச் பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அந்தக் கருந்தூளைக் காற்றழுத்தக் குழாயால் ஊதி விரட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது யாருடைய நுரையீரலுக்கும் நல்லதல்ல, ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் பாரம் முழுக்கப் பிளேட்டின் நடுவில் தொங்கவிடாமல் ஜாக்கியில் தாங்க வேண்டும். ஒரு நிமிடம் தொங்கினாலும் பிளேட்டின் மையம் வளைந்து, புதுக் கிளட்சே விடுபடாமல் உரசும். பிளேட் ஏறி உட்காரும் தண்டின் வரிப்பற்களான ஸ்ப்ளைனில் கிரீஸ் ஒரு படலம் போதும், அதிகமானால் சுழற்சியில் தெறித்துப் பிளேட்டில் விழும்.

எப்போது இது சரி: வழுக்கல், உதறல், மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் சத்தம், பெடல் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துப்போனது. கியர்பாக்ஸ் தனக்கென்று எந்தப் புகாரும் இல்லாமல் இருக்க வேண்டும்.

## வழி 3: சொந்தக் கியர்பாக்ஸைத் திறந்து பழுது பார்ப்பது

மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது மட்டும் உரசுகிறது, மற்றவை எல்லாம் வெண்ணெய் என்றால் அது இரண்டாம் கியரின் சிங்க்ரோனைசர். கிளட்ச் செட் மாற்றி இது சரியாகாது.

ஆனால் முதல் கியரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சிங்க்ரோனைசர் வைத்த கியர் அமைப்பான சிங்க்ரோமெஷ் 1928இல் கேடிலாக் கார்களோடு வந்தது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நிறைய வண்டிகளில் முதல் கியருக்கு அது வைக்கப்படவில்லை. மிகப் பழைய வண்டியில், ஓட்டத்தில் முதல் கியர் உரசினால் அது அதன் இயல்பாகவே இருக்கலாம். திறப்பதற்கு முன் புத்தகத்தைப் பாருங்கள்.

திறந்த பிறகு நடக்கும் வழக்கமான தவறு, வளையத்தை மட்டும் மாற்றி மூடுவது. பழைய வளையத்தைக் கியரின் கூம்பில் அழுத்தி, இடைவெளியில் ஃபீலர் கேஜ் விட்டு அளப்பார்கள். புதியதில் அது ஏறத்தாழ 1 மி.மீ. இருக்கும், தேயத் தேயச் சுருங்கும். அந்த அளவோடு நிறுத்தாமல், கியரைத் தண்டோடு பூட்டும் ஸ்லீவின் உள் பற்களையும் கியரின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பற்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கூராக இருக்க வேண்டிய முனை அரிசிமணி போல உருண்டிருந்தால் புது வளையமும் கொஞ்ச நாளில் அதே கதிதான். பேரிங்குகளைக் கழற்றப் பிரஸ்ஸும் புல்லரும் வேண்டும், இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளான ஷிம்களின் கணக்கு தவறினால் புதுப் பேரிங்கும் முனகும். கிளட்ச் வேலை தெரிந்த எல்லாருக்கும் கியர்பாக்ஸ் வேலை தெரியாது. இதற்கென்றே இருக்கும் கைகளைத் தேடுங்கள், பாகம் வரும்வரை வண்டி நிற்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பின் சக்கர வண்டிகளில் டாப் கியர் நேரடியாக 1:1 ஓடும் வகைக்கு ஒரு சுலபமான தடயம் உண்டு. கீழ்க் கியர்களில் எல்லாம் ஊளை, டாப்பில் மட்டும் அமைதி என்றால் கீழ்க் கியர்களைச் சுழற்றும் துணைத் தண்டான லேஷாஃப்டையும் அதன் பேரிங்குகளையும் சந்தேகிக்கலாம், டாப்பில் அவற்றின் மேல் பாரம் விழாது.

எப்போது இது சரி: கோளாறு ஒன்றிரண்டு கியருக்குள் அடங்கியிருக்கிறது, பாகம் கையில் கிடைத்துவிட்டது, வண்டியை நெடுநாள் வைத்திருக்கப் போகிறீர்கள். கூடவே கிளட்ச் செட்டையும் போட்டுவிடுங்கள், அதற்கென்று தனிக் கூலி அநேகமாக இருக்காது.

## வழி 4: வேறொரு கியர்பாக்ஸ்

உறை வெடித்தது, லேஷாஃப்ட் பல் உடைந்தது, பாகம் எங்குமே இல்லை என்றால் இதுதான். வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் வாங்குவது அடுத்தவர் ஓட்டிய பெட்டி, அதன் சரித்திரம் தெரியாது.

ஒரே இன்ஜின் என்பதால் ஒரே கியர்பாக்ஸ் என்று நம்பிவிடாதீர்கள். கியர் விகிதம், ஸ்ப்ளைன் எண்ணிக்கை, உள் தண்டின் நீளம், ஸ்பீடோமீட்டர் கேபிளா சென்சாரா, மவுண்ட் துளைகள் என்று வேறுபட நிறைய இடம் உண்டு. வாங்கும் இடத்திலேயே தண்டைக் கையால் சுற்றி எல்லாக் கியரும் போட்டுப் பாருங்கள், தண்டை மேலும் கீழும் ஆட்டுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். ஏற்றுவதற்கு முன் எல்லா ஆயில் சீல்களையும் மாற்றுவது மறைமுகச் செலவில் முதலாவது. உங்கள் பழைய பெட்டியைப் பேரிச்சம்பழத்துக்குப் போடாதீர்கள், நாளைக்கு அதிலிருந்து ஒரு ஃபோர்க்கோ ஸ்லீவோ தேவைப்படும். இன்ஜின், கியர்பாக்ஸ் எண்கள் ஆலையிலிருந்து வந்தபடியே பொருந்திய அரிய வண்டி என்றால் செலவு கூடினாலும் சொந்தப் பெட்டியைச் சரிசெய்வதே என் பரிந்துரை.

## வழி 5: அப்படியே ஓட்டுவது

இதையும் ஒரு வழியாகத்தான் எழுதுகிறேன். சீக்கிரம் கைமாறப் போகிற வண்டியில் ஒரு சிங்க்ரோனைசருக்காகக் கியர்பாக்ஸைப் பிரிப்பது எப்போதும் நியாயமாகாது. டபுள் கிளட்ச் பழகிக்கொண்டால் போதும்: கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தட்டி, மறுபடி மிதித்துக் கீழ்க் கியர். இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும். வாங்குபவரிடம் கோளாறைச் சொல்லிவிடுங்கள்.

வழுக்கும் கிளட்சோடு ஓட்டக்கூடாது. அந்தச் சூடு ஃப்ளைவீலையும் சேர்த்துக் கெடுக்கும். ஆயில் சொட்டும் கியர்பாக்ஸ், நாளுக்கு நாள் வளரும் பேரிங் உறுமல் இரண்டும் அப்படித்தான். பேரிங் சிதறினால் பற்கள் ஒன்றோடொன்று சிக்கி, ஓட்டத்திலேயே சக்கரம் பூட்டிக்கொள்ளலாம்.

கியர் தெறிக்கும் வண்டியை லீவரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இறக்கத்தில் கை நழுவினால் இன்ஜின் பிரேக்கிங் போய்விடும், அது முதல் ஆபத்து. பிடித்துக்கொண்டே இருந்தாலும், அந்த அழுத்தம் முழுவதையும் உள்ளே ஃபோர்க்கின் மெல்லிய முனைகள் சுழலும் ஸ்லீவில் உரசியபடி தாங்குகின்றன. கியரை அதன் இடத்தில் நிறுத்தும் ஒரு ஸ்ப்ரிங்கும் குண்டும் மாற்றித் தீர்த்திருக்கக்கூடிய வேலை, அப்படிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் ஃபோர்க், ஸ்லீவ், கியர் என்று மூன்று பாக வேலையாகிவிடும். தெறிக்கத் தொடங்கிய அன்றே மவுண்டையும் கம்பியையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்குக் கட்டி இழுத்துப் போங்கள்.